உள்ளே இருப்போர்

வனவிலங்குப் பூங்காவிலிருந்து கடைசி ஜீப்பும் வெளியே வந்து அதன் புழுதி அடங்கிய பிறகுதான் டிக்கெட் கவுண்டர் அக்கா திரையை நிமிர்ந்து பார்ப்பாள். திரையின் மேல்மூலையில் "உள்ளே இருப்போர்" என்று எழுதி, பக்கத்தில் ஓர் எண் இருக்கும். பகல் முழுக்க அது ஏறும், இறங்கும். சாயங்காலம் ஆனால் இறங்கிக்கொண்டே வந்து ஒன்றில் நின்றுவிடும். அதற்குக் கீழே இறங்காது.

"நம்ம ஆளு மட்டுந்தான்," என்று ஜன்னல் வழியாகச் சொல்வாள்.

வெளிவாசலில் குறுக்கே சங்கிலி கட்டுகிற ஆளுக்குச் சங்கிலி என்றே பேராகிவிட்டது. "அப்ப கட்டிர்றேங்க்கா," என்பான்.

கணினி மட்டும் லேசில் விடாது. உள்ளே ஆளை வைத்துக்கொண்டு எப்படி மூடலாம் என்று காரணம் கேட்கும். பழுது, காவல் பணி, மற்றவை என்று மூன்று கட்டங்கள் வரும். காவல் பணி என்பது ராத்திரி காட்டுக்குள் தங்கும் காவலர்களுக்காக வைத்தது. காவலர்கள் பின்பக்கப் பாதையில் போய்வரத் தொடங்கியபின் அந்தக் கட்டம் வேலையில்லாமல் கிடந்தது. அக்கா அதைத் தொடுவாள். கணினி சமாதானமாகி அன்றைய நாளை மூடிக்கொள்ளும். விளக்கை அணைக்குமுன் அந்த ஒன்றைப் பார்த்து, தனக்கே சரியாகக் கேட்காத குரலில், "வரேன்டா," என்பாள்.

அந்த ஒன்று அவளுடைய தம்பி. அவன் செத்துப்போய் ஒரு மழைக்காலம் முடிந்து வெயிலும் ஏறிவிட்டது.

இது எப்படி என்று விளங்க, பூங்காவின் நுழைவுக் கார்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். முன்னே பூங்காவுக்குள் போகக் காகிதச் சீட்டுதான். காற்றடிக்கிற நாளில் சீட்டுகள் காட்டுக்குள் பறக்கும், மான்கள் மென்று தின்றுவிடும். ஜன்னலில் சில்லறைக்காக நாளெல்லாம் சண்டை. அதற்குத்தான் முன்கூட்டியே பணம் ஏற்றிக்கொள்ளும் கார்டு வந்தது. உள்ளங்கைக்குள் அடங்குகிற பிளாஸ்டிக் அட்டை, ஒரு பக்கம் மான் படம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துச் சாய்த்தால், ஓரத்தைச் சுற்றிச் சுற்றி ஒரு மயிரிழைக் கம்பி ஓடுவது நிழல்போலத் தெரியும். அதன் முனையில் எள்ளளவு ஒரு சில்லு. பாட்டரி கிடையாது. அப்புறம் எப்படி வேலை செய்கிறது? வாசலில் கம்பத்தில் மாட்டியிருக்கும் கருவி தன்னைச் சுற்றி ஓயாமல் ஒரு காந்த அலையைப் பரப்பிக்கொண்டிருக்கிறது. கார்டு அதற்குள் வந்ததும் அந்தக் கம்பிச் சுருளில் துளி மின்சாரம் பிறக்கும். அந்த ஒரு கணத்துக்குச் சில்லு கண்விழிக்கும். தன் எண்ணைச் சொல்லும், கட்டணத்தைக் கழித்துக்கொள்ளும், "உள்ளே" என்று தன்மேல் எழுதிக்கொள்ளும், மறுபடி தூங்கிப்போகும். வெளிவாசலில் காட்டினால் இன்னொரு முறை விழித்து, அதை அழித்துவிட்டு "வெளியே" என்று எழுதிக்கொள்ளும். நடுவில் காட்டில் என்ன நடந்தது என்று அதற்கு ஒன்றும் தெரியாது. கடைசியாக எந்த வாசலில் கண்விழித்தது என்பது மட்டுந்தான் அதற்கு ஞாபகம்.

இரண்டு வாசல் கருவிகளும் அக்காவின் கணினிக்குச் சேதி அனுப்பும். ஒரு "உள்ளே" வந்தால் எண்ணில் ஒன்று கூடும், ஒரு "வெளியே" வந்தால் ஒன்று குறையும். அவ்வளவுதான் கணக்கு. யாரையும் மறந்து உள்ளே வைத்துப் பூட்டிவிடக் கூடாது என்று செய்த ஏற்பாடு.

தம்பி ஜீப் ஓட்டினான். ஓட்டுநர்களுக்கும் கார்டு உண்டு. வாசலில் அவனுக்குப் பொறுமை என்று பேர். மான் குறுக்கே நின்றால் இஞ்சினை அணைத்துவிட்டு, அது தானாக நகரும்வரை ஸ்டியரிங்கில் தாடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பொறுமை வண்டியைப் பார்த்தால் சிறுத்தைகூடக் கொட்டாவி விட்டுக்கொண்டு போய்விடும் என்று மற்ற ஓட்டுநர்கள் கேலி செய்வார்கள். எல்லா ஜீப்பும் வந்து, கழுவி, நிழலில் நிறுத்தின பிறகுதான் அவனுடையது வளைவில் தெரியும்.

அன்றைக்குக் குளத்துப் பக்கம் டயர் இறங்கிவிட்டது. தன் வண்டியில் வந்தவர்களைப் பின்னால் வந்த ஜீப்பில் ஏற்றி அனுப்பிவிட்டு அவன் மட்டும் நின்றான். அந்த ஜீப்காரர் வெளியே வந்து, பொறுமை டயர் மாற்றிக்கொண்டிருக்கிறான் என்று சொல்லிவிட்டுப் போனார். எண் ஒன்றில் நின்றது. நிழல் நீண்டது. போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமா என்று சங்கிலி கேட்டான்.

"அவன் எப்பதான் சீக்கிரம் வந்தான்? பொறுமையாத்தான் வருவான். நீ போய் டீயைக் குடி," என்றாள் அக்கா.

சுற்றிவந்த காவலர்கள்தான் அவனைப் பார்த்தது. கழற்றின சக்கரத்தில் சாய்ந்து, கையில் ஸ்பானரோடு உட்கார்ந்திருந்தானாம். ஆஸ்பத்திரிக்குக் கிட்ட என்று பின்பக்கப் பாதையில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்தப் பாதையில் கம்பமும் இல்லை, கருவியும் இல்லை. சட்டைப் பையில் கார்டு "உள்ளே" என்று எழுதிக்கொண்டபடியே வெளியே வந்துவிட்டது. நெஞ்சு சட்டென்று நின்றுவிட்டது, எப்போது போயிருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். அக்கா அதைக் கேட்டாள். காதோடு அது நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரியில் கொடுத்த துணிப்பையிலிருந்து கார்டை அவள்தான் எடுத்து வைத்துக்கொண்டாள். வெளிவாசல் கம்பத்தில் ஒருதரம் காட்டினால் போதும், எண் சைபருக்கு வந்துவிடும். ரேஞ்சர்கூட ஒருமுறை, "அந்தக் கார்டை முடிச்சிரும்மா," என்றார். தலையை ஆட்டினாள். அவரும் அப்புறம் கேட்கவில்லை.

கேட்டது தம்பி பெண்டாட்டிதான்.

ஒரே வீட்டில் இரண்டு பெண்களும் இருந்தார்கள். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தாய் தகப்பன் போனபின் தம்பியை வளர்த்ததிலேயே வயசு போய்விட்டது. தம்பி பெண்டாட்டி சுற்றுலா விடுதியில் படுக்கை விரிப்பு துவைத்தாள். சலவைத்தூள் அரித்து விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கும். காலையில் வேலைக்குப் போகுமுன் முற்றத்து ஜீப்பின் தார்ப்பாயை விலக்கிவிட்டு இஞ்சினைக் கிளப்பி வைப்பாள். ஓடாத வண்டியின் பாட்டரி உட்கார்ந்துவிடும் என்று அவன் சொல்லிக்கொடுத்திருந்தான். ஓட்டவும் அவன்தான் சொல்லிக்கொடுத்தான். லைசென்ஸ் வாங்கிவிட்டாள். பூங்காவுக்குள் ஜீப் ஓட்டுவது என்று முடிவும் பண்ணிவிட்டாள். ஆனால் ஒரு வண்டிக்கு ஓர் ஓட்டுநர் கார்டுதான். பழையதை முடித்தால்தான் புதியது. பழைய கார்டு "வெளியே" என்று இருந்தால்தான் அதை முடிக்கவே முடியும். காட்டுக்குள் இருக்கிற ஆளின் கார்டைக் கணினி எப்படி முடிக்கும்?

அக்கா சாக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். மெஷின் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது, மேலாபீஸிலிருந்து ஆள் வரவேண்டும் என்றாள். தம்பி பெண்டாட்டியும் நம்பினாள்.

ஒருநாள் காலை இஞ்சின் சத்தத்துக்கு மேலே பேச்சு நடந்தது.

"மேலாபீஸ் ஆளு வந்தாச்சா அண்ணி?"

"வருவாரு."

"மழைக்கு முன்னாடியும் இதத்தான் சொன்னீங்க."

"மழையில எப்படி வருவாரு?"

"இப்பதான் வெயில் கொளுத்துதே."

"வெயில்ல அவருக்கு ஒத்துக்காது போல."

தம்பி பெண்டாட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவும் சிரித்தாள். பிறகு தம்பி பெண்டாட்டி இஞ்சினை அணைத்தாள். சத்தம் நின்றதும் முற்றம் திடீரென்று பெரிசாகிவிட்டதுபோல இருந்தது.

"நான் உள்ள போறது உங்களுக்குப் பிடிக்கல. அதானே?"

அக்கா சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு நடந்தாள். பிடிக்கவில்லை என்பது சரியான சொல் இல்லை. திரையில் எண் ஒன்றில் நிற்பதையும் அது தம்பி பெண்டாட்டியாக இருப்பதையும் நினைத்தால் அவளுக்கு அன்று வேலையே ஓடாது. அந்த ஒன்று சைபர் ஆவதை நினைத்தாலும் அப்படித்தான். இரண்டுக்கும் நடுவில், கார்டு அவள் அலமாரியில் துணிகளுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு வந்த விடுமுறை நாளில் கூட்டம் தாங்கவில்லை. அனல் காற்றில் வரிசை நின்றது. கார்டில் பணம் ஏற்றுகிறவர்கள், கார்டைத் தொலைத்தவர்கள், ஒரே கார்டில் குடும்பமே போகலாமா என்று கேட்கிறவர்கள் என்று ஜன்னலில் தலைகள் மாறிக்கொண்டே இருந்தன. ஒரு கார்டுக்கு ஓர் ஆள் என்று தொண்டை வறள வறளச் சொன்னாள். கொண்டுவந்த ரொட்டியைப் பாதி தின்றாள். பிற்பகலில் காற்று மாறி, மண்வாசனை வந்து, பெரிய தூறலாகக் கொஞ்சநேரம் போட்டது. நனைந்தவர்கள் சிரித்துக்கொண்டு வெளியே ஓடிவந்தார்கள். எண் மளமளவென்று இறங்கியது. ஜீப்புகள் வந்தன. எண் ஒன்றில் நின்றது.

"நம்ம ஆளு மட்டுந்தான்."

"அப்ப கட்டிர்றேங்க்கா."

காவல் பணி. வரேன்டா. விளக்கை அணைத்தாள்.

வீட்டில் தம்பி பெண்டாட்டி சோறு வடித்து, முட்டை அவித்து வைத்திருந்தாள். வழக்கத்துக்கு மாறாகத் தட்டைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அக்கா ஒரு வாய் எடுத்தபோது அந்தக் கார்டைத் தரையில் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். மான் படம் மேலே பார்த்தது.

"நேத்து சங்கிலி அண்ணன் விடுதிப் பக்கம் வந்தாரு," என்று ஆரம்பித்தாள். "மேலாபீஸ் ஆளு எப்ப வருவாருன்னு கேட்டேன். எதுக்கும்மா மேலாபீஸு, கம்பத்துல ஒருதரம் காட்டினா முடிஞ்சுதுன்னாரு."

அக்காவின் கை சோற்றிலேயே நின்றது.

"உங்க அலமாரியத் தொறந்தது தப்புதான். ஆனா இத்தன நாளா எங்கிட்ட பொய் சொல்லியிருக்கீங்க. நான் சோப்புத் தண்ணியில கைய நனைச்சுக்கிட்டு தெனமும் நம்பிக்கிட்டிருந்தேன்."

"காட்டிட்டியா?"

"காட்டிட்டேன்."

"யார கேட்டுக் காட்டின?" குரல் ஏறவில்லை, உடைந்தது. "நீ எப்படிக் காட்டலாம்? ஒவ்வொரு நாளும் அவன்கிட்ட சொல்லிட்டுத்தான் வீட்டுக்கு வர்றேன். இன்னிக்கும் சொன்னேன். இன்னிக்கும் அவன் அங்கதான்..."

நிறுத்தினாள். எதையோ பிடிக்கப் போகிறவள்போல் முகம் மாறியது.

"எப்ப காட்டின?"

"மத்தியானம். சங்கிலி அண்ணன் சாப்பிடப் போயிருந்தாரு. உங்க ஜன்னல்ல ஒரே கூட்டம்."

"சத்தம் வந்துச்சா? பச்ச விளக்கு எரிஞ்சுச்சா?"

"எரிஞ்சுது அண்ணி. அதுக்கப்புறம் அங்கயே நின்னு கொஞ்சநேரம் அழுதுட்டுத்தான் வந்தேன்."

அக்கா எழுந்துவிட்டாள். கையைக்கூடக் கழுவவில்லை.

"அப்ப அந்த ஒண்ணு யாரு?"

இருட்டத் தொடங்கியிருந்தது. நடந்து போனால் நேரமாகும். தம்பி பெண்டாட்டி ஏற்கனவே முற்றத்தில் தார்ப்பாயை இழுத்துக்கொண்டிருந்தாள். அக்கா ஒரு கணம் ஜீப்பின் பக்கத்தில் நின்றாள். தம்பியைத் தவிர வேறு யாரும் அந்த வண்டியை ஓட்டி அவள் பார்த்ததில்லை. பிறகு ஏறிக்கொண்டாள்.

வாசலுக்கு அருகிலேயே குடியிருக்கும் சங்கிலி, விஷயத்தைக் கேட்டதும் தலையில் கைவைத்துக்கொண்டான். "நானும் நம்ம ஆளுன்னுதானேக்கா கட்டினேன்," என்று சொல்லிக்கொண்டே அவிழ்த்தான். ஜீப்புகள் எல்லாம் வந்துவிட்டன, அப்படியானால் நடந்து போனவர்தான், நடந்து போகிறவர்களுக்கு, மிருகங்களைப் பார்க்கக் கட்டிய குளத்துக் கோபுரத்தைத் தாண்டி வழி கிடையாது என்றான். ரேஞ்சருக்குப் போன் போட ஓடினான்.

குளம் என்றதும் இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

தூறலில் நனைந்த பாதை வழுக்கியது. தம்பி பெண்டாட்டி கியரை மாற்றும்போது நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவனும் அப்படித்தான் கடிப்பான். விளக்கொளியில் மான்கண்கள் ஒன்றிரண்டு மின்னி விலகின.

"பயமா இருக்கா அண்ணி?"

"நீ பாதையப் பாரு."

கோபுரத்தின் கடைசிப் படியில் ஒரு வழுக்கைத் தலைக்காரர் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு செருப்பைக் கழற்றி வைத்திருந்தார். கணுக்கால் பந்துபோல் வீங்கியிருந்தது. மழையில் படி வழுக்கிவிட்டதாம். போனில் சிக்னல் இல்லை, நொண்டிக்கொண்டு நடக்கவும் தைரியமில்லை.

"வருவீங்கன்னு தெரியும்," என்றார். குளிரில் பல் தந்தியடித்தது. "உள்ள எத்தன பேரு இருக்காங்கன்னு மெஷின்ல தெரியுமே. ஆள் குறைஞ்சா பாக்காமலா மூடுவாங்க? அதான் கத்தாம இருந்தேன். கத்தினா சிறுத்தை வந்துருமோன்னு."

அக்கா குனிந்து அவர் கழற்றிவைத்த செருப்பை எடுத்துக்கொண்டாள்.

"கொஞ்சம் லேட்டாயிருச்சு போல. உங்களுக்கு என்ன அவசர வேலையோ," என்று அவரே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

"ஆமாங்க," என்றாள் அக்கா. "லேட்டாத்தான் வந்தேன்."

அவரைக் கைத்தாங்கலாக ஏற்றும்போது, குளத்தங்கரையில் பாதை திரும்பும் இடம் ஜீப் விளக்கில் வெளிச்சமாகத் தெரிந்தது. ஈரமண், நாணல், வேறொன்றுமில்லை. அக்கா அந்த இடத்துக்கு அதுவரை வந்ததில்லை. நாலடி நடந்துபோய் நின்றாள். தம்பி பெண்டாட்டி இஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

திரும்பி வந்து ஏறினாள். "அங்கயா?"

"அங்க இல்ல. இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்," என்றாள் தம்பி பெண்டாட்டி. காவலர்களிடம் எல்லாம் விசாரித்து வைத்திருந்தாள். "டாக்டர் சொன்னதுதான் அண்ணி நெசம். அவர் கையில ஸ்பானர் அப்படியே இருந்துச்சுன்னா, வலின்னு நெஞ்சப் பிடிக்கக்கூட நேரமில்லன்னுதானே அர்த்தம்? யாரையும் எதிர்பாத்துக்கிட்டு உட்காந்திருக்கல."

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கையில் காய்ந்துபோயிருந்த சோற்றுப் பருக்கை கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. தம்பி பெண்டாட்டி அதைத் தட்டிவிட்டாள்.

கணினி அன்றைய நாளை மூடிவிட்டாலும் வாசல் கருவிகளுக்குத் தூக்கம் கிடையாது. அவை இரவெல்லாம் தம் அலையைப் பரப்பிக்கொண்டேதான் இருக்கும். வெளிவாசலில் வழுக்கைத் தலைக்காரர் ஜீப்பில் இருந்தபடியே கையை நீட்டிக் கார்டைக் காட்டினார். சத்தம் வந்தது. பச்சை விளக்கு எரிந்தது.

அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்குமுன் கணக்கை முடித்துவிட்டு வருகிறேன் என்று அக்கா இறங்கினாள். இறங்கினவள் ஓட்டுநர் பக்கம் சுற்றிவந்து நின்றாள்.

"நாளைக்குக் காலையில கவுண்டருக்கு வா. உன் பேர்ல கார்டு போட்டுத் தரேன்."

தம்பி பெண்டாட்டி ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே தலையசைத்தாள்.

"ஒண்ணு மட்டும் சொல்றேன். நீ வர நேரமானா, மெதுவாத்தான் வருவான்னு நான் உட்காந்திருக்க மாட்டேன். ஆளக் கூட்டிக்கிட்டு தேடி வந்துருவேன். அப்ப மானத்த வாங்கிட்டீங்க அண்ணின்னு சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன்."

அக்கா கவுண்டரைத் திறந்து விளக்கைப் போட்டாள். நாற்காலியில் உட்காராமல் திரையைப் பார்த்தாள். உள்ளே இருப்போர் என்பதற்குப் பக்கத்தில் சைபர் இருந்தது. சாயங்காலம் மூடின கணக்கைத் திரும்பத் திறந்து, மூடும் கட்டத்தைத் தொட்டாள். கணினி காரணம் எதுவும் கேட்கவில்லை. கேட்க அதற்கு ஒன்றுமில்லை. சட்டென்று அன்றைய நாளை மூடிக்கொண்டது.

வெளியே சங்கிலி சங்கிலியைக் கட்டிவிட்டு, பழக்கத்தில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றான். அக்கா விளக்கின் சுவிட்சில் விரலை வைத்தாள். பழக்கத்தில் அவள் வாயும் திறந்தது. அங்கே சொல்லிக்கொண்டு போக யாரும் இல்லை.